கால் ஆணிக்கு மருந்துக்கடை பிளாஸ்டரா, மருத்துவரா?

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள எனக்கு, சென்ற கார்த்திகையில் இடது பாதத்தின் பெருவிரலுக்குக் கீழே ஓர் ஆணி தடித்தது. மருந்துக்கடையில் ஆணி பிளாஸ்டர் வாங்கி ஒட்டிப் பார்ப்பதா, மருத்துவரிடம் காட்டுவதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, மருத்துவரிடமே சென்றேன்.

பிளாஸ்டர் மலிவானது, காத்திருக்கவும் வேண்டாம். சர்க்கரையோ இரத்த ஓட்டக் குறைவோ இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் காய்த்த தோலோடு அதைச் சுற்றியுள்ள நல்ல தோலையும் அரித்துவிடக்கூடும் என்பதால், சர்க்கரை நோயாளிகள் தாமாக அதை ஒட்டிக்கொள்ளக் கூடாது.

இந்த இரண்டு வழிகளில் எது சரி என்பதை முடிவு செய்வது வலிதான். வீட்டு வைத்தியம் முழுவதும் “வலித்தால் பார்த்துக்கொள்வோம்” என்ற நம்பிக்கையில் நிற்கிறது. சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்திலோ அந்த வலியே வருவதில்லை. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவதற்கு முக்கியக் காரணம் உணர்ச்சி இல்லாத உறுப்பில் அறியாமல் படும் காயங்களே என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அதே கதைதான்.

மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் ஆங்காங்கே தொட்டு, தொடுவது தெரியும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். எல்லா இடத்தையும் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். மூன்று இடங்களில் நான் வாயே திறக்கவில்லை என்றார். பிறகு காய்ப்பை மெல்ல மெல்லச் சீவியபோது, அடியில் மிளகளவு கருஞ்சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. உள்ளே இரத்தம் கட்டியிருந்தது; அப்படியே விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும். அதன் மேல் அமில பிளாஸ்டரை ஒட்டி நடந்திருப்பேன் என்று நினைக்கும்போது இன்றும் உடல் நடுங்குகிறது.

மருத்துவர் வழியில் அரை நாள் போகிறது, செலவும் கூடுதல். எழுதிக்கொடுத்த எம்.சி.ஆர். செருப்பை (பாதத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் மென்மையான ரப்பர் செருப்பு) அணிந்து எட்டு மாதங்களே ஆவதால், அது எத்தனை காலம் உழைக்கும் என்று என்னால் சொல்ல இயலாது; இதுவரை ஆணி மீண்டும் தடிக்கவில்லை.

சர்க்கரை உள்ளவர் பாதத்தில் புண், கொப்புளம், சீழ், நாற்றம், நிறமாற்றம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே காட்ட வேண்டும். ஒரு பாதம் மட்டும் மற்றதைவிடச் சூடாகி வீங்கியிருந்தால், புண்ணே இல்லாமல் உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை அந்தக் காலை ஊன்றாமல் இருப்பது நல்லது.