ஒரு கிலோமீட்டர் மெட்ரோவா, 240 பஸ்களா?

பெங்களூரின் அல்சூரில் ஏறினால் பொம்மசந்திராவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைப் பக்கம் வரை இப்போது மெட்ரோவிலேயே போய்விடலாம். மெஜஸ்டிக்கில் ஒருமுறை, ஆர்.வி. ரோட்டில் ஒருமுறை மாறவேண்டும், அவ்வளவுதான். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை மேலிருந்து பார்த்தபடி கடக்கும்போது, இதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்றுதான் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால்தான் மனம் ஒப்ப மறுக்கிறது.

ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் திறந்த அந்த மஞ்சள் தடம் 19 கிலோமீட்டர் நீளம். செலவு சுமார் 7,160 கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 370 கோடிக்கும் மேல். அவ்வளவு கொட்டியும் தொடக்கத்தில் ஓடியவை மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. மெட்ரோவின் முதல் கட்டத்தின் கதையும் இப்படித்தான். 2006இல் அடிக்கல் நாட்டி 2017இல் முடித்தார்கள். 6,395 கோடி என்று போட்ட மதிப்பீடு 13,800 கோடியைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணமும் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது.

ஒரு மின்சார பஸ் ஒன்றரைக் கோடி என்று வைத்தாலும், ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் பணத்தில் 240 பஸ்களுக்கு மேல் வாங்கலாம். பஸ்ஸுக்கு டிரைவர் சம்பளம், டிப்போ, பழுதுபார்ப்பு என்று ஆண்டுதோறும் செலவு உண்டு. சில வருடங்களில் வண்டியையே மாற்றவும் வேண்டும். மெட்ரோ பாலமோ தலைமுறைகளுக்கு நிற்கும். இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

ஆனால் பஸ் யாரை ஏற்றிக்கொள்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். எங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மாள் விடியுமுன்னே கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய், ஈரத்துணி மூடிய சாமந்திக் கூடையோடு பஸ்ஸில் திரும்புகிறார். கண்டக்டரே கூடையைப் பிடித்து உள்ளே இழுத்து வைக்கிறார். பெண்களுக்கு பஸ் பயணத்தை இலவசமாக்கிய சக்தித் திட்டம் வந்த 2023 ஜூன் முதல் அவருக்கு டிக்கெட் செலவும் இல்லை. அந்தக் கூடை மெட்ரோவின் பை சோதிக்கும் கருவிக்குள் நுழையவே நுழையாது.

பஸ் நெரிசலில் மாட்டிக்கொள்கிறதே என்பார்கள். 2019இல் சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை வெளிவட்டச் சாலையில் பஸ்ஸுக்கென்று தனித்தடம் ஒதுக்கினார்கள். பாலமும் சுரங்கமும் தேவைப்படாத வேலை, சாலையோரத் தடுப்புக் கம்பங்களே போதுமாயின. பிறகு அதே சாலையில் மெட்ரோ வேலை தொடங்கியது, தடம் போயிற்று. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

புறநகர் ரயில் காகிதத்தில் மலிவு: 148 கிலோமீட்டருக்கு 15,767 கோடி, கிலோமீட்டருக்கு 106 கோடிதான். பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் ரயில்பாதையை ஒட்டியே போகிறது. 2022 ஜூனில் அடிக்கல் நாட்டியபோது சொன்ன கெடு 40 மாதம். அந்தக் கெடு கடந்துவிட்டது, ரயில் வரவில்லை.

என் வரிசையில் பஸ்ஸும் அதன் தனித்தடமும் முதலில், புறநகர் ரயில் அடுத்து. ஓசூர் சாலை போன்ற பெருந்தடங்களுக்கு மட்டும் மெட்ரோ. 44 கிலோமீட்டர் நீளும் மூன்றாம் கட்டத்துக்கு 15,611 கோடியில் ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. தூண் நடும் சாலைகளிலெல்லாம் பஸ்ஸுக்கு ஒரு தடத்தை இப்போதே கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள்.