குமரிக் கரையை அளக்க மூன்று வழிகள்: செயற்கைக்கோள், அளவுகோல், ஊர் நினைவு

முதுநிலைப் புவியியல் மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடத் தொடங்கினால், குமரி மாவட்டத்தில் கடற்கரை மாற்றத்தைத் தொடாமல் கடந்து போகிறவர்கள் குறைவு. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர் கரை. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி, கடியபட்டணத்தில் வள்ளியாறு, மணக்குடியில் பழையாறு என மூன்று முகத்துவாரங்கள். முட்டத்தின் பாறையும் செந்தேரி என்னும் செம்மணல் மேடும், மணவாளக்குறிச்சியின் கருமணல், சின்னமுட்டம் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை நான்கு மீன்பிடித் துறைமுகங்கள், 2004 சுனாமியும் 2017 ஒக்கிப் புயலும் விட்டுச் சென்ற வடுக்கள். எல்லாமே நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்திலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய தொலைவு. தலைப்பில் யாருக்கும் குழப்பமில்லை. எப்படி அளப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

நடைமுறையில் வழிகள் மூன்று. ஆய்வகத்தில் அமர்ந்து செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடலாம். கோலும் கயிறும் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கலாம். ஊருக்குள் போய் முதியவர்களிடம் கேட்டு எழுதலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வருடம் கையில் இருக்கிறவர் மணலில் இறங்க வேண்டும். மற்ற இரண்டும் அதற்குத் துணையாக வரட்டும். இன்று பெரும்பாலான ஆய்வேடுகள் முதல் வழியோடு முடிந்துவிடுகின்றன. அது எனக்கு வருத்தம் தருகிறது. காரணம் சோம்பல் அல்ல. அந்த வழி எதைக் காட்டாமல் விடுகிறது என்பதை மாணவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆய்வகத்தின் ஈர்ப்பு

செயற்கைக்கோள் வழியின் பலம் மறுக்க முடியாதது. லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. 2008 முதல் அந்தப் படங்கள் முழுக்க இலவசம். 1980களிலிருந்து 30 மீட்டர் துல்லியத்தில் படங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கின்றன. வரைபடம் தயாரிக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளுக்குக் காசு வேண்டாம். கரைக்கோடுகளை வரைந்து, ஆண்டுக்கு எத்தனை மீட்டர் அரிப்பு, எத்தனை மீட்டர் படிவு என்று கணக்கிட அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் கருவியும் இலவசமே. வேலைவாய்ப்பு என்று பார்த்தாலும் இந்தப் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. நேர்காணலில் முதலில் கேட்பது இதைத்தான். வெயில் இல்லை, அலைச்சல் இல்லை, கடைசியில் சிவப்பும் பச்சையுமாக அழகான வரைபடம் ஒன்றும் கிடைக்கும்.

ஆனால் அந்த வரைபடத்தில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். குமரியின் மேற்குக் கரையைக் கடல் அறுப்பது தென்மேற்குப் பருவக்காற்றில், ஆனி ஆடி மாதங்களில். அதே மாதங்களில்தான் வானம் மூடிக் கிடக்கிறது. மேகமில்லாத படம் கிடைப்பது அரிது. அதனால் மாணவர்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதப் படங்களைத் தேர்கிறார்கள். அப்போது கரை ஆறித் தேறி, மணல் திரும்பி வந்து, ஆண்டிலேயே அகலமாக இருக்கும். அப்படி முப்பது ஆண்டுப் படங்களை அடுக்கினாலும் கரையின் மிக நல்ல நாட்களை மட்டுமே பார்க்கிறோம். ரேடார் படங்கள் மேகத்தை ஊடுருவும் என்பது உண்மை. ஆனால் நுரை பொங்கும் அலைக்கரையில் நீரையும் மணலையும் அவற்றில் பிரித்தறிவது முதல் ஆய்வு செய்கிறவருக்கு எளிதல்ல.

கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதம் இன்னொரு சிக்கல். இங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வராது என்பதால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இருபதுக்கு ஒன்று என்று சரியும் மணற்கரையில் நீர்மட்டம் 60 சென்டிமீட்டர் உயர்ந்தால் நீர்க்கோடு 12 மீட்டர் உள்ளே வந்துவிடும். சென்டினல் படத்தின் ஒரு கட்டத்தையே அது விழுங்கிவிடுகிறது. எனவே இரண்டு படங்களுக்கு இடையே தெரியும் 12 மீட்டர் மாற்றம் அரிப்பாகவும் இருக்கலாம், படம் எடுத்த நேரத்து ஓதமாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது கல்சுவர். இந்தக் கரையில் ஊர் ஊராகக் கருங்கல் கொட்டிக் கடலரிப்புத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். சுவர் எழுந்த பிறகு கரைக்கோடு நகர்வதற்கு இடமில்லை. படத்தில் கோடு அந்தக் கல்லின் மேலேயே ஆண்டுக்கு ஆண்டு நிற்கும். கணக்கு சுழியம் காட்டும். வரைபடத்தில் அந்த இடம் 'நிலையான கரை' என்று நிறம் பெறும். அதே இடத்துக்கு நேரில் போனால், சுவருக்கு முன்னால் இருந்த மணல் முழுக்கப் போய், வள்ளத்தை இழுத்து ஏற்ற ஒரு முழ இடம்கூட இல்லாமல் ஊர் நிற்கும். மணலை இழந்த ஊருக்கு நம் ஆய்வேடு நலமாக இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. இதைவிடப் பெரிய பிழை ஒரு புவியியல் ஆய்வுக்கு இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இரண்டு கோல், ஒரு கயிறு

அமெரிக்கக் கடல் நிலவியலாளர் எமரி 1961இல் விளக்கிய முறை இன்றும் அப்படியே பயன்படுகிறது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இரண்டு மரக்கோல்கள், அவற்றில் சென்டிமீட்டர் அளவுக் கோடுகள், இடையே நீளம் மாறாத ஒரு கயிறு. ஒருவர் கடல் பக்கக் கோலையும் மற்றவர் கரைப் பக்கக் கோலையும் பிடிக்க வேண்டும். கடல் பக்கக் கோலின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, அந்தக் கோடு கரைப் பக்கக் கோலை எங்கே வெட்டுகிறது என்று படித்தால், இரண்டு இடங்களுக்கும் இடையே மணல் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். மேடாக இருந்தால் கரைப் பக்கக் கோலின் உச்சியைக் கொண்டு பார்க்க வேண்டும். இப்படிக் கயிறு கயிறாகக் கடலை நோக்கிப் போனால் கரையின் குறுக்குவெட்டு கிடைக்கும். தச்சரிடம் கோல் செய்து வாங்கி வண்ணம் அடிக்கும் செலவு ஆய்வேட்டை அச்சிட்டு அட்டை போடும் செலவைத் தாண்டாது.

இந்த வழியின் உயிர் அடையாளப் புள்ளியில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து, அதே திசையில் அளக்க வேண்டும். அலை தொடாத, யாரும் பெயர்க்காத ஒன்று வேண்டும்: குருசடியின் (சிலுவை நிற்கும் சிற்றாலயம்) படிக்கட்டு மூலை, மீன் ஏலக்கூடத்தின் தூண், பழைய கிணற்றின் சுற்றுச்சுவர். கையில் பிடிக்கும் ஜி.பி.எஸ். கருவி நான்கைந்து மீட்டர் தவறக்கூடியது. அதை மட்டும் நம்பிப் புள்ளியைக் குறித்தால் அடுத்த மாதம் வேறொரு கரையை அளந்துகொண்டிருப்போம்.

இப்படி அளக்கும்போது தெரிய வருவது வரைபடத்தில் வராத செய்தி. நீர்க்கோடு அசையாமல் நிற்கும்போதே மணல் மட்டம் எவ்வளவு தாழ்ந்தது, சுவரின் அடிக்கல் எந்த மாதம் வெளியே தெரிந்தது, போன மணல் ஐப்பசியில் திரும்பியதா, தையில்தான் திரும்பியதா, முழுக்கத் திரும்பியதா. மணலைப் பிடித்து நிறுத்தக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்வரிசையான தூண்டில் வளைவு போட்ட ஊரில் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு குறுக்குவெட்டு எடுத்தால், ஒரு பக்கம் சேரும் மணலும் மறுபக்கம் அரிக்கப்படும் மணலும் பருவத்தோடு எப்படி மாறுகின்றன என்று எண்ணாகவே சொல்லலாம். பக்கத்து ஊர்கள் தங்களுக்கும் தூண்டில் வளைவு கேட்டுக்கொண்டிருக்கும் மாவட்டத்தில் இந்த எண்ணுக்கு உண்மையான தேவை இருக்கிறது.

குறைகளும் சிறியவை அல்ல. மழைமூட்டத்தில் தொடுவானம் மங்கிவிடும்; அப்போது முறையே நின்றுபோகும். ஒரு மாணவர் அதிகபட்சம் ஓர் ஊரின் சில நூறு மீட்டரைத்தான் கண்காணிக்க முடியும். உடன் வர ஒரு துணை வேண்டும். விடுதி வாயில் திறக்கும் நேரமும் ஓதம் இறங்கும் நேரமும் ஒத்துவராத நாட்கள் வரும். காப்பாளரிடம் முன்கூட்டியே துறையின் கடிதம் கொடுத்து வைப்பது நல்லது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் மாணவிகளுக்குப் பயணச் செலவு பெரும் தடையாக இருக்காது. அளவுகளை எழுதிய குறிப்பேட்டை அன்று மாலையே கணினியில் ஏற்றிவிட வேண்டும். உப்புக் காற்றிலும் வியர்வையிலும் நனைந்த தாள் அடுத்த வாரம் படிக்க வராது.

உயிர் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆனி ஆடியில் அலை ஏறித் தொடும் இடத்துக்கு அப்பால் கோலைக் கொண்டு போகக் கூடாது. கடைசி இரண்டு கயிறு அளவு குறைந்தால் ஆய்வு கெட்டுவிடாது. சித்திரை, வைகாசியில் இன்னும் கவனம் தேவை. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலின் அலை இங்கே காற்றே இல்லாத, வெயிலடிக்கும் நாளில் திடீரென்று ஏறி வரும். அதுதான் கள்ளக்கடல். மீனவர்கள் வைத்த அந்தப் பெயரையே யுனெஸ்கோ 2012இல் அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் அதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. களத்துக்குக் கிளம்பும் முன் அதைப் பார்ப்பது கட்டாயம். எச்சரிக்கை இருந்தால் அன்று போகக் கூடாது.

முதியவர்களிடம் கேட்பது

1972க்கு முந்தைய கரை எந்த லேண்ட்சாட் படத்திலும் இல்லை. அது ஊரில் இருக்கிறது. ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். "கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது?" என்று கேட்டால் "ரொம்ப வந்துவிட்டது" என்ற பதில்தான் வரும். "பாட்டா, உங்கள் கல்யாணத்தின்போது இந்தக் குருசடிக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனை வரிசை வீடு இருந்தது?" என்று கேட்டால் ஆண்டும் கிடைக்கும், தூரமும் கிடைக்கும். கரையில் நின்றே இழுக்கும் பெரிய வலையான கரைமடியை எங்கே இழுத்தார்கள், எந்த ஆண்டோடு நிறுத்தினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கக் கரைமடிக்கு அகன்ற மணல் வேண்டும். அது நின்ற இடங்களை வரைபடத்தில் குறித்தால் மணல் தொலைந்த வரலாறு அதிலேயே வந்துவிடும்.

இந்த வழியில் சிக்கல் நம்பிக்கை. இனையத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2016இல் கொள்கை ஒப்புதல் தந்தது. பிறகு அந்தத் திட்டம் கன்னியாகுமரியை அடுத்த கோவளம், கீழமணக்குடிப் பகுதிக்குப் பெயர்ந்தது. இரண்டு இடங்களிலும் மக்கள் போராடினார்கள். அதற்குப் பிறகு, கருவியோடு கரையில் நிற்கும் புதுமுகத்தை ஊர் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் முதலில் பார்த்து, என்ன அளக்கிறோம், யாருக்காக என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்னொன்று, தடுப்புச் சுவர் வேண்டி மனு கொடுத்திருக்கும் ஊரில் அரிப்பு பற்றிய பதில் அந்தக் கோரிக்கையின் பக்கம் சாய்வது இயல்பு. அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் ஒரே கேள்வியை வெவ்வேறு தெருவில், ஆண்களிடமும் மீன் விற்கப் போகும் பெண்களிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட்ட பிறகே எழுத வேண்டும்.

எந்த இடத்துக்கு எந்த வழி

தேங்காய்ப்பட்டணம் செயற்கைக்கோளுக்கு ஏற்றது. ஆற்று முகத்துவாரமும் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களும் சேர்ந்து உண்டாக்கிய மாற்றம் 10 மீட்டர் படத்திலேயே தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பெரியது. மணக்குடி கோலுக்கும் நினைவுக்கும் உரிய இடம். சுனாமி அங்கே பாலத்தையே அடித்துச் சென்றது. ஆறு கடலில் சேரும் பொழிமுகம் மணலால் அடைபடுவதும் திறப்பதும் பருவத்தோடு நடக்கின்றன. அதைக் கண்ணால் பார்த்து வந்தவர்கள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். மணவாளக்குறிச்சியை முதல் ஆய்வுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மணல் எடுக்கப்படும் கரையில் அது குறைந்தது அலையாலா, அள்ளியதாலா என்று பிரிக்க முடியாது. மேலும் அந்த மணலில் உள்ள மோனசைட் என்னும் கதிரியக்கக் கனிமம் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வரும் பொருள். அனுமதியில்லாமல் மாதிரி எடுப்பது சரியல்ல.

காலக் கணக்குதான் இந்தத் தேர்வில் பலரைக் கவிழ்க்கிறது. ஆய்வேடு வழக்கமாக நான்காம் பருவத்தில், டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே எழுதப்படுகிறது. அந்த மாதங்களில் மட்டும் கோல் பிடித்தால் தேறிய கரையைத்தான் அளக்க முடியும். செயற்கைக்கோள் படத்தின் அதே குறை இங்கேயும் வந்துவிடும். எனவே முதலாண்டு முடிவதற்குள் வழிகாட்டியிடம் பேசித் தலைப்பை உறுதி செய்து, வைகாசி முடிவதற்குள் முதல் குறுக்குவெட்டை எடுத்துவிட வேண்டும். பிறகு மாதம் ஒரு முறை போதும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் எந்த மாதத்து எண்ணைக் கேட்டாலும் அந்த நாளின் அலையையும் மணலையும் நேரில் பார்த்தவராகப் பதில் சொல்லலாம்.

கடைசிப் பருவம் மட்டுமே கையில் உள்ளவர்கள் கோலை விட்டுவிட்டு, தேங்காய்ப்பட்டணம் போன்ற ஒரு முகத்துவாரத்தின் படங்களைப் பத்தாண்டு இடைவெளியில் எடுத்து, அவற்றை முதியவர்களிடம் காட்டிக் கேட்டு எழுதலாம். அப்படி எழுதுகிறவர்கள் தங்கள் படங்கள் எந்த மாதத்தவை என்பதையும், கல்சுவர் உள்ள பகுதிகள் எவை என்பதையும் வரைபடத்தின் மேலேயே குறிப்பிட வேண்டும். கோல் பிடித்தவர்கள் தங்கள் அடையாளப் புள்ளிகளின் படத்தையும் திசையையும் அளவுகளையும் பின்னிணைப்பில் கொடுத்துவிட்டால், அடுத்த ஆண்டு மாணவர் அதே இடத்திலிருந்து தொடர முடியும்.