சோர் பஜாரில் ரோம் ப்ரூச்: நம்பி வாங்கலாமா?

மும்பை சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில் கிராமபோன், பழைய சினிமா போஸ்டர் கடைகளையெல்லாம் தாண்டினால் ஒரு சின்ன நகைக்கடை, பெயர் வேண்டாம். கண்ணாடித் துணுக்குகளால் படம் பதித்த இத்தாலி ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி), லாக்கெட் என்று கடைக்காரர் ஒரு தட்டு நிறைய வைத்திருக்கிறார், இந்த வேலைக்கு மைக்ரோமொசைக் என்று பெயர். "நூற்றைம்பது வருஷத்துச் சரக்கு, ரோமிலிருந்து வந்தது" என்பார். இத்தாலி என்பது சரி, நூற்றைம்பதெல்லாம் சும்மா.

அசல் பழசு வேறு ரகம். கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து, கடுகைவிடப் பொடியாக நறுக்கி, ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்துப் பசையில் பதிப்பார்கள், இடுக்குகளில் வண்ண மெழுகைத் தேய்த்து மெருகேற்றி விடுவதால் கோடே தெரியாது. ஜாக்கோமோ ரஃபாயெல்லி என்ற மொசைக் கலைஞர் 1775-இல் ரோமில் இதைக் காட்சிக்கு வைத்த பிறகு, ஐரோப்பாவிலிருந்து ஊர் சுற்ற வந்த பணக்காரர்கள் கொலோசியத்தையும் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கும் புறாக்களையும் இப்படி நகையாக வாங்கிப் போனார்கள். நல்ல வேலைப்பாடு என்றால் ஒரு சதுர அங்குலத்தில் ஆயிரத்துக்கு மேல் துண்டு இருக்கும், வெறுங்கண்ணுக்கு ஓவியம்தான்.

இந்தத் தட்டில் இருப்பது போன நூற்றாண்டின் டூரிஸ்ட் சரக்கு. நான் எடுத்தது மாண்டலின் வடிவ ப்ரூச், கறுப்புப் பின்னணியில் நீலப்பூ, லென்ஸ் இல்லாமலே துண்டுகளை எண்ணலாம். ஒரு இதழ் உதிர்ந்து அடியில் வெள்ளைப் பூச்சு தெரிகிறது. மெல்லிய பித்தளைச் சட்டம், பின்னால் 'இத்தாலி' முத்திரை. இப்படி நாட்டின் பெயரைப் பொறிப்பது பின்னாளில் வந்த பழக்கம், அதைக் காட்டியதும் வயதைப் பற்றிய பேச்சு நின்றுபோனது, 4,500 சொன்னவர் 1,800-க்கு இறங்கினார். அந்த விலைக்கு எனக்குத் திருப்தி, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பழம்பொருள் விலை கொடுக்காதீர்கள்.

பளபளப்பு காட்டுகிறேன் என்று தண்ணீர் ஸ்ப்ரே அடிக்கப் போனார், தடுத்துவிட்டேன். ஈரம் உள்ளே இறங்கினால் பசை விட்டுத் துண்டுகள் கொட்டும், காய்ந்த மெல்லிய துணி போதும். அப்புறம் ஊசி முரட்டு ஊசி. கூட வந்த மன்னி பட்டுப்புடவைத் தலைப்பில் குத்திப் பார்க்கிறேன் என்றார், வேண்டாம் மன்னி, ஓட்டை விழும் என்றேன். காட்டன் ஜாக்கெட்டுக்கோ கைப்பைக்கோ சரி.

லென்ஸ் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார், எவ்வளவு நேரம் பார்த்தாலும் விரட்டுவதில்லை. பில் மட்டும் கிடையாது. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், இந்தக் கடைகள் பூட்டியிருக்கும்.