நோட்டா, எக்செல்லா, டேலியா: ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்கு

நடுத்தர ஹார்டுவேர் கடை ஒன்றில் நேரம் எங்கே போகிறது என்று கேட்டால், கவுன்ட்டரில் நிற்கும் கூட்டத்தைக் காட்டுவார்கள். பில்லைப் பின்தொடர்ந்து போனால் வேறு விடை கிடைக்கும். பிளம்பர் ஒருவர் முக்கால் இன்ச் எல்போ (குழாய் வளைவு) பத்து, எம்டிஏ (மரை உள்ள குழாய் இணைப்பு) நாலு, சால்வென்ட் (குழாய்ப் பசை) டப்பா ஒன்று வாங்கிப் போகிறார். அது முதலில் துண்டுச் சீட்டில், அப்புறம் கடன் நோட்டில், ராத்திரி பில் புக்கில், மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. ஒரே விற்பனையை நாலு தடவை எழுதுகிறோம். கணக்கு முறைகளை, ஒரு விற்பனையை எத்தனை தடவை எழுத வேண்டியிருக்கிறது என்ற இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போட வேண்டும் என்பது என் கட்சி.

நோட்டை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கரண்ட் போனாலும் அது ஓடும். "மேஸ்திரி பேர்ல எழுதிக்கோங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் எழுதி முடித்துவிடலாம். கடைப் பையனுக்குப் பயிற்சியும் வேண்டாம். ஆனால் எல்போ எத்தனை மிச்சம், யார் பாக்கி மூன்று மாதத்தைத் தாண்டியது என்று கேட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருந்து, ஜிஎஸ்டியின் காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் இருக்கும் கடைக்கு நோட்டு ஏறக்குறையப் போதும். வியாபாரி விற்றுமுதலில் 1 சதவீதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டிவிடுகிறார். வரியைத் தனியாகப் பில்லில் போடவே முடியாது. அதனாலேயே, உள்ளீட்டு வரி எடுக்க (வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள) நினைக்கும் கான்ட்ராக்டர் அந்தக் கடைக்கு வரமாட்டார் என்பது வேறு விஷயம்.

எக்செல்லைப் பலர், டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு இலவச மாற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. பில் எண்ணை 3-12 என்று அடித்தால், அதை டிசம்பர் 3 என்று தேதியாக மாற்றிவிடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே உள்ளிட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். யாராவது ஒரு வரிசையை அழித்தாலும் சத்தமே இருக்காது. 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது, ஷீட் ஷீட்டாகப் போய் ஃபார்முலாவைத் திருத்தும் வேலை எக்செல்காரர்களுக்கு வந்தது. டேலியில் அந்தச் சரக்குப் பிரிவில் தேதியோடு ஒரு தடவை மாற்றினால் போதும்.

அதற்காக எக்செல்லைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விலைப் பட்டியல் போடவும், மாதம் 14-ம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யை (சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியலை) நம் கொள்முதல் பில்களோடு ஒப்பிடவும் அதற்கு இணை இல்லை. சப்ளையர் பில்லை ஏற்றாமல் விட்டிருந்தால் ஒரு விலுக்அப் (VLOOKUP, எக்செல்லின் தேடும் ஃபார்முலா) போட்டாலே மாட்டிக்கொள்வார். கணக்கைப் பார்க்க எக்செல் நல்லது, கணக்கை வைக்க நல்லதல்ல.

டேலியில் எஃப்8 தட்டி விற்பனையைப் போட்டால் சரக்கு குறைகிறது, பிளம்பர் பாக்கி ஏறுகிறது, வரிக் கணக்கும் தயாராகிறது. நாலு தடவை எழுதியது ஒரே தடவையாகிவிடுகிறது. விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய கடை, ஜிஎஸ்டி பதிவுள்ள இன்னொரு வியாபாரிக்கு விற்றால் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவான பில்) எடுத்தே ஆக வேண்டும். அந்த அளவில் நோட்டுக்கு வாய்ப்பே கிடையாது.

ஆனாலும் டேலி வாங்கிய பல கடைகளில் வேலை குறையவில்லை. காரணம் சரக்குப் பெயர். காலையில் இருப்பவர் "எல்போ 3/4" என்று போடுவார், மாலையில் வருபவர் "முக்கால் எல்போ" என்பார், கம்பெனி பில்லைப் பார்த்து மூன்றாமவர் "பிவிசி எல்போ 20 எம்எம்" என்று புதிதாகத் திறப்பார். ஒரே பெட்டிச் சரக்கு மூன்று பெயரில் கிடக்கும். ஒன்றில் இருப்பு மைனஸில் போகும், இன்னொன்றில் விற்காமல் தேங்கும். ஒருவாரத்தில் யாரும் ஸ்டாக்கை நம்ப மாட்டார்கள், மறுபடி துண்டுச் சீட்டு வந்துவிடும். புதுப் பெயர் திறக்கும் உரிமையை ஒரே ஆளிடம் மட்டும் வையுங்கள். மென்பொருளின் விலையைவிட இந்தக் கட்டுப்பாடு முக்கியம்.

வியாபார் மாதிரி மொபைல் பில்லிங் செயலிகள் ஒற்றை ஆள் கடைக்குச் சுகம். பில் வாட்ஸ்அப்பில் போகும், பாக்கி கேட்டு நினைவூட்டலும் போகும். நேரில் கேட்கக் கூச்சப்படுகிறவருக்கு அதுவே பெரிய லாபம். நாலு பேர் ஒரே நேரத்தில் பில் போடும் கடைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஆக, காம்போசிஷன் கடைக்கு நோட்டோடு ஒரு மொபைல் செயலி, வழக்கமான ஜிஎஸ்டி கடைக்கு டேலி, எக்செல் இரண்டுக்கும் பக்கத்துணை. டேலிக்கு மாறுவதென்றால் ஏப்ரல் 1-ல் மாறுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு கடையைச் சாத்திவிட்டு, சரக்கை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர் வைத்துப் பட்டியல் எடுங்கள். மிச்ச நாட்களின் விற்பனையை அதில் கழித்து, கொள்முதலைக் கூட்டினால் போதும். நடு வருடத்தில் மாறினால், பழைய நோட்டின் பாக்கியும் புதுக் கணக்கின் ஆரம்ப இருப்பும் ஒத்துப்போக வைப்பதற்கே ஒரு ஆள் சம்பளம் போய்விடும்.