விவசாயிகளுக்கான ஆலோசனை எண்: மூன்று முறை பேசிய பிறகு

விவசாயிகளுக்கென்றே நடக்கும் ஒரு மனநல ஆலோசனைத் தொலைபேசி எண்ணில் மூன்று முறை பேசினேன், அதன் பெயர் வேண்டாம். முதல் முறை வெறுத்தே போச்சு. எடுத்தவர் நல்ல மாதிரிதான், ஆனால் "பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு எங்காவது போய்வாருங்களேன்" என்றார். மாட்டிடம் லீவு சொல்ல முடியுமா? காலையும் மாலையும் கறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். அப்புறம் எங்களுக்கு வேலையிடமும் வீடும் ஒன்றுதான், கடனில் கிடக்கிற நிலத்தைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பல் தேய்க்கிறோம்.

இரண்டாம் முறை வேறொருவர். மழை, விலை, வட்டி என்று நான் கொட்டித் தீர்க்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு சுற்றி வளைக்காமல், "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்றார். அடுத்த கேள்வி, "பூச்சிமருந்து எங்கே இருக்கிறது, சாவி யாரிடம்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பலருக்குக் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று பொறுமையாகச் சொன்னார். இலங்கையில் 1990களில் கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றைத் தடை செய்த பிறகு தற்கொலைகள் வெகுவாகக் குறைந்ததாம். அன்றிரவே சாவியைத் தம்பியிடம் கொடுத்தேன், அவன் ஏன் என்று கேட்கவில்லை.

குறை என்றால் நேரம். மாலை ஆறு மணிக்கு மூடிவிடுகிறார்கள், நாங்கள் வயலை விட்டு ஏறுவதே ஏழுக்கு மேல். அதனால் மூன்றாம் முறை வேலைக்கு நடுவே தொழுவத்தில் நின்றபடியே பேசினேன். நீங்கள் அழைத்தால், அந்த இரண்டாமவரைப் போலக் கேட்பவர் வேண்டும் என்று எடுத்தவுடன் சொல்லுங்கள்.