இசட்18 பெட்டியா, இசட்25 பெட்டியா? தீப்பெட்டி ஏற்றுமதியில் எடைக் குறி

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையில்) ஏற்றுமதிச் சரக்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளிப்பெட்டிக்கு எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: 18 கிலோவுக்குச் சான்று பெற்ற ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி, 25 கிலோவுக்குச் சான்று பெற்ற ஏழடுக்கு அட்டைப்பெட்டி, ப்ளைவுட் பெட்டி. மூன்றிலும் அனுப்பிப் பார்த்துவிட்டு, ஏழடுக்கில் நிலைத்துவிட்டோம்.

பெட்டியின் பக்கத்தில் ஆபத்தான சரக்குக்கான ஐ.நா. குறி வட்டத்துக்குள்ளும், அதை ஒட்டி ‘4ஜி/இசட்25/எஸ்’ என்று தொடங்கும் வரியும் இருக்கும். 4ஜி அட்டைப்பெட்டியைக் குறிக்கிறது. இசட் என்பது ஆபத்து குறைந்த மூன்றாம் பேக்கிங் குழுவுக்கு உரியது. யுஎன் 1944 என்ற ஐ.நா. சரக்கு எண் கொண்ட பாதுகாப்புத் தீப்பெட்டிக்கு அது போதும். அடுத்து வரும் 25 தான் முக்கியம். சரக்கை நிரப்பி மூடிய பெட்டி எந்தக் கட்டத்திலும் தாண்டக் கூடாத மொத்த எடை அது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை உள்ளே இருக்கும் சரக்கின் எடை என்றே நினைத்துவிடுகிறார்கள். அந்த எடையில்தான் பெட்டியை 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்துச் சான்று தருகிறார்கள்.

ப்ளைவுட்டைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். இரண்டே முறைதான் அனுப்பியிருக்கிறோம். தீப்பெட்டிக்கு அட்டைப்பெட்டி என்றால் 30 கிலோ, மற்ற பெட்டிகள் என்றால் 45 கிலோ வரை விதி அனுமதிக்கிறது. ஆகவே பெட்டிகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் 30 கிலோவைத் தாண்டினால் குறியின் எழுத்து 12 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் (அதற்குக் கீழே 6 போதும்). மேற்புறத்திலோ பக்கத்திலோ தெரியவும் வேண்டும். மூலைக்கட்டை ப்ளைவுட்டாக இல்லாமல் வெறும் மரமாக இருந்தால் அதற்கு வெப்பச் சிகிச்சை முத்திரையும் தேவை. தூக்குவதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

மீதி இரண்டில் எது என்பதை எங்களுக்கு முடிவு செய்து கொடுத்தது ஈரம்.

நாங்கள் அடைத்து மூடிய பெட்டி மொத்தம் ஏறத்தாழ 17.6 கிலோ. இசட்18 குறிக்குள் அது கச்சிதமாக அடங்கும். விலையும் பெட்டிக்குச் சில ரூபாய் குறைவு. புரட்டாசியில் அடைத்த சரக்கு ஒன்று, கப்பல் தள்ளிப்போனதால் ஐப்பசி மழையில் தூத்துக்குடிக் கிடங்கில் காத்திருந்தது. அங்கே மறுபடி நிறுத்துப் பார்த்தபோது பல பெட்டிகள் 18 கிலோவைத் தாண்டியிருந்தன. ஒரு பெட்டி 18.14 காட்டியது. அட்டையின் ஓரத்தைத் தொட்டால் துணியைப் போலக் குழைந்தது. குறிக்கு மேல் எடை இருக்கும் பெட்டியை ஏற்ற முடியாது. பிரித்து, எடுத்து, மறுபடி ஒட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

எங்கே தவறினோம் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீப்பெட்டி என்பது மரக்குச்சியும் அட்டையும்தான். இரண்டுமே காற்றின் ஈரத்தைக் குடிப்பவை. 17.6 கிலோ பெட்டி மூன்று சதவீதம் ஈரம் ஏற்றால் அரைக் கிலோவுக்கு மேல் கூடிவிடும். வெளி அட்டைக்கும் தனிக் கணக்கு உண்டு. அரைமணி நேரச் சோதனையில் சதுர மீட்டருக்கு 155 கிராம் வரை தண்ணீர் உறிஞ்சினாலும் அட்டை விதிப்படி தேறியதுதான். எங்கள் பெட்டியின் வெளிப்பரப்பு 1.28 சதுர மீட்டர். அதாவது தேறிய அட்டையே நனைந்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை ஏறலாம். சோதனைக்கு முன் அட்டையைப் பதப்படுத்துவது பெரும்பாலும் 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில். கார்த்திகை மாதத் தூத்துக்குடி அப்படியா இருக்கிறது?

இசட்25 பெட்டியில் ஏழு கிலோவுக்கு மேல் இடைவெளி கிடைக்கிறது. மழை எவ்வளவு பெய்தாலும் தராசு 25-ஐத் தொடாது. “அப்படியானால் 24 கிலோ அடைத்துவிடலாமே” என்றார் எங்கள் அண்ணாச்சி. நியாயமான கேள்விதான். “அடைத்தால் ஐப்பசியில் அதே பிரச்சினைதான் வரும் அண்ணாச்சி. இடைவெளிக்காகத்தான் இந்தக் காசைக் கொடுக்கிறோம்” என்றேன். ஒத்துக்கொண்டார். உள்ளே பண்டல்களை அடுக்கும் முறையும் சான்றில் இருக்கும் முறைக்கு மாறக் கூடாது என்பதை அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இடைவெளி இருக்கிறது என்பதற்காக நிறுப்பதை விட்டுவிடக் கூடாது. 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த எடை இல்லாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றுவதில்லை. பெட்டி எடைகளைக் கூட்டி அந்தக் கணக்கைக் கொடுப்பவர்களுக்கு, பெட்டிக்கு 300 கிராம் ஏற்றம் என்றாலும் ஆயிரம் பெட்டியில் 300 கிலோ பிசகும். அதனால் கிளம்பும் நாளில் பத்துப் பெட்டிக்கு ஒன்றை மறுபடி நிறுக்கிறோம்.

சித்திரை, வைகாசியில் மட்டும் இசட்18 வாங்கினால் மிச்சம் பிடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மழைக்காலத்தில் சரக்கே அனுப்பாத சிறிய ஆபீஸ்களுக்கு அது சரியாக இருக்கலாம். நாங்கள் அதைச் செய்வதில்லை. இங்கே வெயில் அடிக்கும்போது சரக்கு போய் இறங்கும் துறைமுகத்தில் மழையாக இருக்கும். அதோடு, கிடங்கில் இரண்டு குறியுள்ள காலிப் பெட்டிகள் அருகருகே கிடந்தால், அவசரமாக ஏற்றும் இரவில் கைக்கு எட்டிய கட்டைத்தான் பிரிப்பார்கள்.