இசைமேதையின் வாழ்க்கையைப் பிள்ளையே எழுதினால்: ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஒருவரின் வாழ்க்கையை அவருடைய மகனோ மகளோ எழுத முற்படும்போது, எதை எழுதுவது என்பதற்கு முன்பாக எந்த வகை நூலை எழுதுவது என்று தீர்மானித்தாக வேண்டும். கண்ணால் கண்டதைச் சொல்லும் நினைவுநூல், கடிதங்களையும் ஆவணங்களையும் கொண்டு கட்டும் முழு வரலாறு, நாள்வாரியான காலவரிசைத் தொகுப்பு, படைப்புகளை மட்டும் எடைபோடும் ஆய்வு, எல்லாவற்றையும் வேறோர் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுவது என ஐந்து வழிகள் உண்டு. ஐரோப்பியச் செவ்வியல் இசையுலகில் இந்த ஐந்தையும் பிள்ளைகள் முயன்று பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பிள்ளை மட்டுமே அறிந்த செய்தியையும், எவரும் தேடி அறியக்கூடிய செய்தியையும் ஒரே நூலில் கலக்காதவர்களே சிறந்து நிற்கிறார்கள் என்பது என் முடிவு.

ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்தோக்கின் குடும்பத்தில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1945 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் இறந்த அவருக்கு, இரண்டு மனைவியர் வழியாக இரண்டு மகன்கள். 1910இல் பிறந்த மூத்தவர், தந்தையின் பெயரையே தாங்கியவர். ஹங்கேரியில் ரயில்வே பொறியாளராக இருந்தவர். 1924இல் பிறந்த இளையவர் பீட்டர், அமெரிக்காவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆனவர். மூத்தவர் 1981இல் தந்தையின் வாழ்க்கையைக் காலவரிசைத் தொகுப்பாக வெளியிட்டார். இளையவர் 2002இல் நினைவுநூல் எழுதினார்.

எந்த நாளில் தந்தை எந்த ஊரில் இருந்தார், எங்கே வாசித்தார், நாட்டுப்பாடல் சேகரிக்க எப்போது புறப்பட்டார் என்பதை நிரல்படுத்துவதே மூத்தவரின் வேலையாக இருந்தது. இத்தகைய தொகுப்பைக் கதைபோலப் படிக்க முடியாது. ஆனால் பின்னால் வரும் ஒவ்வோர் ஆய்வாளரும் அதைப் புரட்டியே தீர வேண்டும். பிள்ளையின் பாசமோ மனத்தாங்கலோ தேதிகளுக்குள் புகுந்துகொள்வது கடினம் என்பதும் இவ்வழியின் பெரிய பலம். குறையும் அதுவே: வீட்டில் அந்த மனிதர் எப்படிப் பேசினார், எதற்குக் கோபித்தார் என்பதற்கு அங்கே இடமில்லை.

அந்த இடைவெளியை நிரப்பும் ஒரு காட்சியைப் பீட்டர் பதிவு செய்திருக்கிறார். அவருக்கு ஒன்பது வயதானபோது தந்தை பியானோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். முதலில் வெறும் பாட்டு மட்டும். விரல் பயிற்சிகள் பிறகுதான் வந்தன. பாடத்தின் நடுவே சில சமயம் மகனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தந்தை மேசைக்குப் போய்விடுவார். பேனா தாளில் கீறும் ஓசை மட்டும் கேட்கும். சில நிமிடங்களில் புதிதாக எழுதிய சிறு உருப்படி ஒன்று பியானோவுக்கு வந்துசேரும். அதை மகன் அங்கேயே பார்த்து வாசிக்க முயன்று, அடுத்த பாடத்துக்குள் கற்றுக்கொண்டு வர வேண்டும். 153 உருப்படிகள் கொண்ட ‘மிக்ரோகோஸ்மோஸ்’ தொகுப்பின் ஆறு பாகங்களில் முதல் இரண்டு பீட்டருக்கே காணிக்கையாக்கப்பட்டவை. எந்த ஆவணக் காப்பகத்திலும் அந்தப் பேனாவின் ஓசை கிடைக்காது. ஆயினும் 1940இல் பெற்றோர் ஹங்கேரியைவிட்டுப் புறப்பட்டபோது பீட்டர் உடன் செல்லவில்லை. 1942இல்தான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். தாம் பிறப்பதற்கு முந்தைய நாற்பத்து மூன்று ஆண்டுகளைப் போலவே, அந்த இடைக்காலத்தையும் அவர் பிறர் வழியாகவே அறிய முடியும். நினைவுநூலின் எல்லை அது.

நினைவே இல்லாத பிள்ளை என்ன செய்வது? ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் மரியா ஃபான் வேபர் 1826இல் லண்டனில் இறந்தபோது மகன் மாக்ஸ் மரியாவுக்கு வயது நான்கு. வியப்பாக, இவரும் ரயில்வே பொறியாளர்தாம். 1864 முதல் 1866 வரை மூன்று பாகங்களில் தந்தையின் வரலாற்றை வெளியிட்டார். குடும்பத்தின் கையிலிருந்த கடிதங்களும் தாள்களும் அந்நூலுக்குப் பெரும் மதிப்பைத் தருகின்றன. ஆனால் தாம் இல்லாத இடத்து உரையாடல்களைக்கூட நாவல்போல விரித்தெழுதும் பழக்கம் அவரிடம் உண்டு. அதனால் எது கடிதத்தில் உள்ளது, எது மகனின் கற்பனை என்று பிரித்தறிய ஆய்வாளர்கள் பாடுபட வேண்டியிருக்கிறது. பாசத்தால் வந்த பிழைதான் என்றாலும், மகன் என்ற உரிமை நம்பகத்தன்மைக்கு ஈடாகிவிடாது.

ஷூமான் குடும்பத்தின் இளைய மகள் யூஜெனி இதே சிக்கலை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். 1854இல் தந்தையான ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் ரைன் நதியில் குதித்து, மீட்கப்பட்டு, மனநல விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது மகளுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. 1856இல் தந்தை அங்கேயே இறந்தார். எனவே 1925இல் வந்த நினைவுநூலில் பியானோ கலைஞரான தாய் கிளாராவும், தாம் பாடம் கேட்ட இசையமைப்பாளர் பிராம்ஸும் முன்னே நிற்கிறார்கள். தந்தையின் வாழ்க்கையை 1931இல் தனி நூலாக எழுதினார். இவ்விரண்டில் முதலாவதற்கே உயிர் அதிகம் என்று சொல்வேன்.

ஆய்வு வழியைப் பொறுத்தவரை, இமோஜென் ஹோல்ஸ்ட்டுக்கு இணையாக எனக்கு வேறொருவர் தோன்றவில்லை. சாவித்திரியின் கதையை மகாபாரதத்திலிருந்து எடுத்து இசைநாடகமாக்கியவரும், ரிக்வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்து இசையமைக்கும் அளவுக்குச் சமஸ்கிருதம் கற்றவருமான ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் அவருடைய தந்தை. 1905 முதல் 1934இல் இறக்கும்வரை லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியின் இசையாசிரியராக இருந்தவர். வலக்கை நரம்பு வலியால் எழுதச் சிரமப்பட்டதால், புகழ்பெற்ற ‘கோள்கள்’ தொகுதியின் இசைக்குறிப்பை எழுதி முடிக்க உடன் பணியாற்றிய ஆசிரியைகளின் உதவியை நாடியவர். மகளும் அதே பள்ளியில் படித்தார். இசையமைப்பாளராகவும் இசை நடத்துநராகவும் வளர்ந்தார்.

தந்தை இறந்து நான்கு ஆண்டுகளில், 1938இல், இமோஜென் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். படைப்புகளின் தரத்தை எடைபோடும் பொறுப்பைத் தள்ளிவைத்து, 1951இல் தனி நூலாக நிறைவேற்றினார். தந்தையின் படைப்புகளில் எங்கே கற்பனை தளர்கிறது, எங்கே ஒரே உத்தி திரும்பத் திரும்ப வருகிறது என்று வெளிப்படையாக அதில் சுட்டிக்காட்டினார். வெளியாள் ஒருவர் எழுதியிருந்தால் காழ்ப்பு என்று சொல்லியிருப்பார்கள். 1974இல் படைப்புகள் அனைத்துக்கும் ஓர் அட்டவணை தயாரித்த பிறகு, தம் பழைய மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்து எழுதிய பகுதியும் அந்த ஆய்வின் பிந்தைய பதிப்பில் சேர்ந்தது. வாழ்க்கை வரலாற்றின் நடுவே இந்தக் கண்டிப்பு கலந்திருந்தால் மகளின் மனக்குறையாகவும், பாராட்டு கலந்திருந்தால் பாசமாகவும் மட்டுமே படிக்கப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இவ்வழி இசைக்குறிப்பைத் தொழில்முறையில் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கே பொருந்தும்.

அந்தரங்கத்தை எழுதுவது பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளரும் இசை நடத்துநருமான லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் மகள் ஜேமி, தந்தை ஆண்களிடம் கொண்டிருந்த உறவுகள் உட்பட வீட்டுக்குள் நடந்தவற்றை 2018இல் ஒளிக்காமல் எழுதினார். அதற்கு முன்பே தந்தை 1990இலும் தாய் 1978இலும் இறந்துவிட்டனர். உயிரோடிருக்கும் தாயைக் காயப்படுத்தும் செய்தியை எழுத எந்த மகளுக்கும் அவசரம் தேவையில்லை. நினைவை உடனே தாளில் இறக்கிவைத்துவிட்டு, வெளியீட்டைத் தள்ளிப்போடலாம்.

கடைசி வழி, பிறரிடம் ஒப்படைப்பது. ஜெர்மானிய இசையமைப்பாளர் செபாஸ்டியன் பாக்கின் மகன் இமானுவேல், தந்தையின் மாணவர் அக்ரிகோலாவுடன் சேர்ந்து எழுதிய இரங்கற் குறிப்பு 1754இல் அச்சானது. இன்றைய பாக் வரலாறு பெருமளவு அதன்மேல்தான் நிற்கிறது. பிறகு ஃபோர்க்கெல் என்ற ஆய்வாளர் வரலாறு எழுத விரும்பிக் கேள்விகள் அனுப்ப, 1774, 1775 ஆண்டுகளில் மகன் பதில் எழுதினார். காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் பெரிய கருவியான ஆர்கன் ஒன்றைப் புதிதாகச் செய்து, அதைச் சோதிக்கப்போனால் தந்தை முதலில் எல்லா ஒலிவரிசைகளையும் ஒருசேரத் திறந்துவிட்டு முழு ஓசையோடு வாசிப்பார். கருவிக்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்பார். அதைக் கேட்டு ஆர்கன் செய்தவர்கள் வெளிறிப்போவார்களாம். குறிப்பான கேள்வி கேட்கப்பட்டதால்தான் இச்செய்தி நமக்குக் கிடைத்தது. தானாக எழுத உட்காரும் பிள்ளைக்கு, வீட்டில் நாளும் பார்த்தவை சொல்லத்தக்கவை என்றே தோன்றுவதில்லை. அயலார் கேட்கும்போதுதான் தோன்றுகிறது. இவ்வழியில் ஓர் ஆபத்தும் உண்டு. இமானுவேல் 1788இல் இறந்தார். ஃபோர்க்கெலின் நூல் 1802இல்தான் வந்தது. அச்சில் வந்த வடிவத்தைச் சரிபார்க்க மகன் இல்லை. அந்தக் கடிதங்கள் தப்பிப் பிழைத்ததால்தான் மகன் சொன்னது எது, ஃபோர்க்கெல் சேர்த்தது எது என்று இன்று ஒப்பிட முடிகிறது. ஆகவே ஒப்படைக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை தன் பதில்களை எழுத்திலேயே கொடுத்து, ஒரு படியைத் தன்னிடமும் இன்னொன்றை ஒரு நூலகத்திலும் வைத்துவிட வேண்டும்.